ஒரு மூச்சு பொறு

அடியே பூச்சி,

உன் தோல் பையை இன்றைக்குத்தான் உதறினேன். கருமாதி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அதைத் தொட மனசு வரவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தொடவில்லை. உதறினதும் அதுதான் முதலில் விழுந்தது. தையல்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற மஞ்சள் அளவு டேப். இலக்கமெல்லாம் தேய்ந்து, ஓரம் நைந்து, நடுவில் நான் போட்ட சுருக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு மணிக்கட்டு நுழைகிற அளவுக்குச் சுருக்கு. மோந்து பார்த்தேன். உன் பவுடர் வாசம் இல்லை. என் கைவலிக்கு நான் தேய்க்கிற தைலத்தின் வாசம்தான் வந்தது.

சனிக்கிழமை உன் கல்லூரியில் உனக்காக ஒரு கூட்டம் வைக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கினிகத்தேனை ஊர்ப் பிள்ளை ஒன்று என்னைத் தேடிக்கொண்டு லிந்துலைக்கு வந்தது. உன்னிடம் படித்து இப்போது ஹட்டனில் தையல் போதனாசிரியராக இருக்கிறதாம். ஆப்பிள் பழம் வாங்கி வந்திருந்தது. உன் படத்துக்கு முன்னால் நின்று அழுதது. என்னை உனக்கு ஏதோ ஊர்ச் சொந்தம் என்று நினைத்திருந்தது போல. அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது:

"அம்மா, மிஸ்ஸப் பத்தி நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும். வீட்டு ஆளுங்கன்னு வேற யாரும் இல்லையே."

"எனக்குப் பேசத் தெரியாதும்மா. அஞ்சாம் வகுப்போட சரி."

"தெரிஞ்சதச் சொல்லுங்க. சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு. அப்புறம்..." அந்தப் பிள்ளை இப்போது சிரித்துவிட்டது. "மிஸ் ஒரு அடிக்கிற அக்கா கதை சொல்லுவாங்க. ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லுவாங்க. அந்தக் கதை இல்லாம எங்களுக்குப் பாடமே ஆரம்பிக்காது. அந்த அக்கா இன்னும் இருக்காங்களா?"

பால் விடாத சாயத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"அது எப்பவோ செத்துப்போச்சும்மா" என்றேன்.

"ஐயோ, அப்படியா" என்றது. பாவம், அதற்கும் ஒரு நிமிஷம் முகம் வாடினது.

சனிக்கிழமை என்ன பேசுவது என்று எழுதிவைக்கத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். பக்கத்து வீட்டில் பேனை வாங்கினேன். 'சபையோர்க்கு வணக்கம்' என்று எழுதி அடித்துவிட்டேன். நான் உன்னைத் தவிர யாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்? நீ ஹாஸ்டலில் இருந்தபோது நான் எழுதின கடிதத்தையெல்லாம் சிவப்புப் பேனையால் திருத்தி, பதில் கடிதத்தோடு எனக்கே திருப்பி அனுப்புவாய். நான் நலம் விசாரித்த இடத்தில்கூட வட்டம் போட்டிருப்பாய். முதல் தடவை அதைப் பார்த்து அடுப்பில் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப எழுதிப் பழகினேன். இன்றைக்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால் அந்தச் சிவப்பு மையால்தான். நன்றி சொல்கிறேன் என்று நினைக்காதே. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சொன்ன கதையை நான் ஒரு தரம் என் வாயால் சொல்கிறேன். நீ விட்ட இடமும் அதில் இருக்கும்.

உனக்குப் பதினொரு வயது. எனக்கு இருபத்தொன்று. அப்பா போய், அம்மாவும் போய், தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் நீயும் நானும்தான் மிச்சம். பள்ளிக்கூட லீவு. உன்னைத் தனியாக விட முடியாது என்று சொல்லிக் கொழுந்து பறிக்கிற மலைக்குக் கூட்டிப் போனேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். உன் கையும் சேர்ந்தால் என் கொழுந்து நிறை கூடும் என்கிற நினைப்பும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும்கூட.

"இங்க பாரு. இப்படி எடுக்கணும்" என்றேன். எடுத்துக் காட்டினேன். பத்து வருஷம் பழகின கை எனக்கு. அது போகிற வேகத்தில் உனக்கு என்ன தெரிந்திருக்கும்? இரண்டு இலையும் குருத்தும் என்று வாயால் சொல்லவில்லை. விரலை எங்கே வைப்பது, எங்கே ஒடிப்பது, எது முத்தல், எதை விடுவது, ஒன்றும் சொல்லவில்லை. "பார்த்தியா?" என்றேன். நீ தலையாட்டினாய். நான் அடுத்த நிரைக்குப் போய்விட்டேன்.

நிறுக்கும்போது கங்காணி உன் கொழுந்தைக் கையால் கிளறினார். பாதிக்கு மேல் முத்தல் இலை, காம்பு, புல்.

"என்னடி இது? கொழுந்து கொண்டாந்தியா, மாட்டுக்குத் தழை கொண்டாந்தியா?"

சுற்றி நின்ற பெண்டுகள் சிரித்தார்கள். அவர் அப்படியே சாக்கோடு தூக்கித் தண்ணி ஓடுகிற கான் பக்கம் கொட்டினார். எனக்கு அன்றைக்கு அரைப் பேர்தான் விழுந்தது. முழு நாள் மழையில் நின்றதற்கு அரை நாள் கூலி.

செடி மட்டம் பார்க்க வைத்திருக்கிற கம்பு என் கையில் இருந்தது. "கைய நீட்டு" என்றேன். நீட்டினாய். நாலு அடி. மூன்று முட்டியில் விழுந்தது. நாலாவது நடுவிரல் நகத்தில். நீ அழவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நகம் கறுத்து, ஒரு மாதத்தில் கழன்றது. புதிதாக முளைத்த நகம் கோணலாக முளைத்தது. சாகும்வரை கோணல்தான்.

நீ மிஸ் ஆனதற்குப் பிறகு லயத்தில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்லுவார்கள். "நீ அடிச்சதாலதான் அது கொழுந்து மலை வேணாம்னு படிச்சுச்சு. நல்லதுக்குத்தான அடிச்ச." நானும் சில காலம் தலையாட்டியிருக்கிறேன். பொய், பூச்சி. நீ படிக்கவேண்டும் என்று நான் அடிக்கவில்லை. மலையை வெறுக்கட்டும் என்றும் அடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் என் கொழுந்தைக் கானில் கொட்டினார்கள். கங்காணியை அடிக்க முடியாது. நீ பக்கத்தில் இருந்தாய்.

அந்த வருஷத்திலிருந்து நீ மலைப் பக்கம் வரவே இல்லை. படித்தாய். ஓ/எல், ஏ/எல், பிறகு தையல் பயிற்சி. ஹட்டனில் தொழிற்பயிற்சி நிலையத்தில் போதனாசிரியராகச் சேர்ந்த முதல் வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய். ரொட்டி சுட்டு வைத்திருந்தேன், தொடவில்லை.

"என்னடி?"

"ஒரு புள்ள பட்டன் ஓட்டை தைக்கத் தெரியாம துணிய நாசமாக்கிருச்சு. துணியப் புடுங்கிக் கையில பட்டுனு வச்சேன்."

"வச்சா என்ன? அடிக்காம தொழில் வருமா?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அடிச்சப்ப என் வாயில வந்தது உன் கொரலு, அக்கா. 'பார்த்தியா'ன்னு கேட்டேன். அப்படியே உன் கொரலு."

அன்றைக்கே அந்த வேலையை விடுவதென்று முடிவு செய்தாய் என்று பிறகு தெரிந்தது. விட்டுவிட்டு, சொல்லிக்கொடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் படிக்கப் போனாய். பட்டம் வாங்கினாய், அதற்கு மேல் ஒரு பட்டம் வாங்கினாய், அங்கேயே விரிவுரையாளராகி, சிரேஷ்ட விரிவுரையாளராகிவிட்டாய். தச்சர், வெல்டிங் ஆள், மோட்டார் மெக்கானிக், தலை அலங்காரம் செய்கிற பெண்கள் எல்லோரும் உன்னிடம் வந்து போதனாசிரியராகப் போனார்கள். எங்கள் லயத்தில் இதை யாருக்கும் விளங்க வைக்க என்னால் முடியவில்லை.

"ஒந்தங்கச்சி என்ன வேல செய்யிது?"

"வாத்தியாருங்களுக்குப் பாடம் எடுக்குது."

"வாத்தியாருக்கே தெரியாதுன்னா அப்புறம் அவன் என்ன வாத்தியாரு?"

தீபாவளிக்கு நீ வந்தபோது இதை உன்னிடம் சொன்னேன். சிரிப்பாய் என்று நினைத்தேன்.

"வேல தெரிஞ்ச எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கத் தெரியாதுக்கா. அதத்தான் சொல்லிக் குடுக்குறேன்" என்றாய்.

"அதுக்குப் போய் ஒரு பட்டமா?"

"அன்னைக்கு நீ அந்தப் பட்டம் வாங்கியிருந்தா என் நகம் தப்பிச்சிருக்கும்."

சொல்லிவிட்டுப் பலகாரத்தை எடுத்துக் கடித்தாய். 

உன் கல்லூரிக்கு நீ என்னை ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. நானாகத்தான் ஒரு தடவை வந்தேன். தலவாக்கலையில் ரயில் ஏறி, ஒரு பை லீக்ஸ் மரக்கறி, கொஞ்சம் தேயிலைத் தூள், உனக்குப் பிடித்த தேங்காய்ச் சம்பல், எல்லாம் கட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தேன். வகுப்பு நடக்கிறது, பின்னால் உட்காருங்கள் என்று ஒரு ஆள் கதவைத் திறந்துவிட்டார். லீக்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முன்னால் மீசை வைத்த பெரிய ஆள் ஒருவர் நின்றிருந்தார். வெல்டிங் ஆளாம். அவருடைய இரண்டு கையையும் பின்னால் வைத்து இந்த மஞ்சள் டேப்பைச் சுற்றியிருந்தாய். அவருக்கு முன்னால் மேசையில் தலை அலங்காரம் செய்கிற பெண் ஒருத்தி, கையில் அரத்தோடு இரும்புத் துண்டு ஒன்றை ராவிக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுக்காமல் வாயால் மட்டும் சொல்லி அவளைச் செய்யவைக்கவேண்டும். அவருக்கு வியர்த்துக் கொட்டினது. தோள் இரண்டும் துடித்தன.

"மிஸ், வேணும்னா வாயக் கட்டுங்க, கைய அவுத்து விடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, பூச்சி. அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஒரு பத்து நிமிஷம், உன்னைப் பார்த்து எனக்கு உடம்பு புல்லரித்தது.

அப்புறம் நீ டேப்பை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஏன் கையைக் கட்டுகிறேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தாய். அப்போதுதான் என்னைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். நிறுத்துவாய் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"எனக்கு ஒரு அக்கா" என்றாய்.

மலை வந்தது, மழை வந்தது, கங்காணி வந்தார். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, "பார்த்தியா?" என்று என் குரலில் கேட்டாய். அவ்வளவு சரியாக இருந்தது. நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அந்த நகத்தைத் தூக்கிக் காட்டினாய். சிரிப்பு நின்றது. "இதுதான் என் அக்கா எனக்குச் சொல்லித் தந்த பாடம். உங்களிடம் படிக்கிற பிள்ளை எதைக் கொண்டுபோகப் போகிறது?" என்று கேட்டாய். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

நானும் சிரித்தேன். நான்தான் அந்த அக்கா என்று யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டுமே.

பாடம் முடிந்து வெளியே வந்ததும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று என் பையை வாங்கிக்கொண்டது. "கனமாக் கிடக்கு, தாங்கோ. மிஸ்ஸுக்கு நீங்கள் ஆர், அம்மா?" என்று கேட்டது. நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: "ஊர்ல இருந்து வந்திருக்காங்க."

ஊரிலிருந்து வந்தவள். அது சரிதான்.

எல்லோரும் போனபிறகு தாழ்வாரத்தில் நீயும் நானும் நின்றோம்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"ஏதாச்சும் பொய் சொன்னேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நகம் என்னோடது. நான் சொல்லுவேன்."

அப்போது நான் சொன்னதை நீ யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கினிகத்தேனைப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன். "நகத்தோட விட்டது தப்பு. அன்னைக்கே கைய ஒடச்சிருக்கணும்" என்றேன். லீக்ஸ் பையை அங்கேயே தரையில் வைத்துவிட்டு ரயிலுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். மாதம் ஒரு போன். தீபாவளிக்கு ஒரு சேலை, பொங்கலுக்கு ஒரு சேலை, வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுவாய். நானும் "சாப்பிட்டுப் போ" என்று சொல்லவில்லை. ஒருத்தி சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

பிறகு கல்லூரியிலிருந்து போன் வந்தது. கரும்பலகைக்கு முன்னால் விழுந்துவிட்டாய், பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். போர்வைக்கு வெளியே கிடந்தது உன் வலது கை. அந்தக் கைதான் போயிருந்தது. கோணல் நகத்தோடு, யாருடைய கையோ போல.

என் வாயில் வந்த சொல் ஆறு வருஷம் நடந்து வந்து உன் கையைப் பிடித்ததா? டாக்டரிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. உன்னிடமும் கேட்கவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோணின வாயால் சிரித்தாய்.

"ஒடஞ்சு போச்சு" என்றாய். "சந்தோசமா?"

வேலையை விட்டு என் வீட்டுக்கு வந்தாய். உனக்கும் கல்யாணம் இல்லை, எனக்கும் இல்லை, வேறு எங்கே போவாய்? உடற்பயிற்சிக்கு வந்த மிஸ், எல்லாம் உங்கள் தங்கச்சியே செய்யவேண்டும், நீங்கள் செய்துகொடுத்துப் பழக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. ஒரு மணி நேரம்கூட என்னால் முடியவில்லை. இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குவாய், கை நடுங்கும், நான் ஓடிவந்து வாங்கிக் குடிக்க வைப்பேன். மூன்றாம் நாள் நீ கோப்பையைத் தட்டிவிட்டாய்.

"பையில டேப் இருக்கு. எடு" என்றாய்.

"எதுக்கு?"

"கட்டு. உன் கைய."

தன் கையைத் தானே பின்னால் கட்ட யாரால் முடியும்? அதனால் சுருக்கு ஒன்று போட்டு, இரண்டு கையையும் பின்னால் விட்டு நுழைத்துக்கொண்டேன். இழுத்தால் கழன்றுவிடுகிற சுருக்கு. சிறைக்குக் கொண்டுபோகிற கள்ளியைப் போல உன் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். நீ படுத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். ஒரு வசனம் சொல்ல உனக்கு அரை நிமிஷம் ஆகும்.

"பார்த்துக்கிட்டு நிக்கிறதுதான்... கஷ்டமான வேல."

"சரி."

"நான் கேட்டா மட்டும் குடு."

"சரி."

"கேட்ட ஒடனே குடுக்காத. ஒரு மூச்சு பொறு. பாதிப் பேருக்கு... அந்த ஒரு மூச்சுலதான் கை வரும்."

இருபது வருஷமாக எல்லா பேட்சுக்கும் இதைத்தான் சொன்னாயாம். எனக்குச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எனக்கு மார்க் போட்டாய். "ரெண்டு தடவ கை வந்துச்சு. பெயில்." மறுநாள், "கை வரல. ஆனா மூஞ்சி வந்துச்சு. மூஞ்சியாலயும் அடிக்கலாம்க்கா, உனக்குத் தெரியாதா? பெயில்." ஒரு நாள் கேட்டேன், "பாஸாக எவ்வளவுடி வேணும்?" "உனக்குப் பாஸே இல்ல" என்றாய். வந்து பார்த்துப்போன உடற்பயிற்சி மிஸ், உங்கள் அக்கா நன்றாகப் பார்க்கிறார் என்று சொன்னபோது, "இப்பதான் பழகுது மிஸ். நாப்பது வருசம் லேட்டு" என்றாய். அந்த மிஸ் பகிடி என்று நினைத்துச் சிரித்தது.

ஆனாலும் வந்தது, பூச்சி. கோப்பை பிடிக்க வந்தது. இடது கையால் பட்டன் போட வந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கட்டைவெரல உள்ளுக்குக் குடு... இன்னும் கொஞ்சம்... இப்ப தள்ளு" என்று சொல்லச் சொல்ல நீ முதல் பட்டனைப் போட்ட அன்றைக்கு எனக்கு உன்னைத் தூக்கிச் சுற்றவேண்டும்போல இருந்தது. கை கட்டியிருந்ததால் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். மார்க் சொல்லவில்லை. பெயில் என்றும் சொல்லவில்லை. அதுதான் நீ எனக்குக் கொடுத்ததிலேயே பெரியது.

பிறகு நடை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாலு எட்டு. மூன்று வாரம் நடந்தாய். அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை கால் மடங்கி, "புடி" என்றாய். இரண்டு தடவையும் ஒரு மூச்சு பொறுத்தேன். இரண்டு தடவையும் அந்த மூச்சுக்குள் நீயே சுவரைப் பிடித்து நின்றுகொண்டாய். "பார்த்தியா?" என்றாய் என்னைப் பார்த்து. வேண்டுமென்றேதான், என் குரலில்.

கடைசிக் காலையைச் சொல்கிறேன். விடியலிலிருந்து மழை. உன் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனில் கூப்பிட்டார்கள். நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தமாக வைத்திருந்தாய், எல்லாம் கேட்டது.

"மிஸ், ஒருக்கா அந்த அக்கா கதை சொல்லுங்க மிஸ். உங்க வாயால கேட்டு எவ்வளவு நாளாச்சு."

நீ சொன்னாய். குழறின நாக்கால், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாய். மலை, மழை, கங்காணி. "பார்த்தியா?" என்ற இடத்தில் போனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் வீட்டில், நான் பிழிந்து காயப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் நீட்டின தேத்தண்ணியை இடது கையால் வாங்கிக்கொண்டே சிரித்தாய். கதையில் நீ என்னோடு இருந்த இந்த எட்டு மாதம் வரவே இல்லை. அந்த அக்கா இன்னும் மலையில் கம்போடுதான் நின்றாள்.

போனை வைத்துவிட்டு, "நாக்காலிக்குப் போறேன்" என்றாய்.  சுருக்கில் கையை விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

ஒரு எட்டு வைத்தாய். இரண்டு. மூன்றாவதில் முட்டி மடங்கியது.

"புடி" என்றாய்.

தெளிவாகக் கேட்டது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். நீ கீழே சரிவது தெரிந்தது. என் மூச்சு உள்ளே போனது தெரிந்தது, வெளியே வந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கை கழன்று வந்தது. அதற்குள் உன் இடுப்பு வாசற்படி விளிம்பில் பட்டு, கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். நீ விழுந்தபடியே கிடந்து என்னைப் பார்த்தாய். அழவில்லை. பதினொரு வயதில் விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாயே, அதே பார்வை. பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, அது இதுதான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியது. பிறகு நீ பேசவே இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

குளிப்பாட்டும்போது உன் கையை நான்தான் கழுவினேன். மற்றப் பெண்டுகளை விடவில்லை. "என்னமாப் பார்த்துச்சு, பெத்த தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டா" என்று என் காதுபடச் சொன்னார்கள். அந்த நகத்தை மட்டும் தனியாகத் துடைத்தேன். எத்தனை நாற்பது பேர் பார்த்த நகம்! உன்னோடு அதுவும் மண்ணுக்குள் போய்விட்டது. இனி சாட்சி சொல்ல நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை போவேன். நீலச் சேலை கட்டிக்கொண்டு போவேன், நீ வாங்கித் தந்து நான் கட்டாமல் வைத்தது. 'அந்த அக்கா சாகவில்லை, இதோ நிற்கிறேன்' என்று சொல்வேன். இடுப்பில் கையை வைத்துக் காட்டச் சொன்னால் அதையும் காட்டுவேன். நாலு அடியையும் சொல்வேன், தாழ்வாரத்தில் சொன்ன சொல்லையும் சொல்வேன். நகம் உன்னுடையது, ஆனால் கம்பு என்னுடையது, நானும் சொல்லலாம். டேப்பை அந்தக் கினிகத்தேனைப் பிள்ளையிடம் கொடுக்கப் போவதில்லை. கேட்டாலும் கொடுக்கமாட்டேன். இப்போதும் யாராவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் என் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு மருமகள் ரொட்டியைக் கருக்கிக்கொண்டு நிற்கிறாள், நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள் கேட்கட்டும் என்று நிற்கிறேன். கேட்டதும் ஒரு மூச்சு பொறுக்கிறேன். ரொட்டிதான் கருகும், போகட்டும். ஆனால் அந்த மூச்சு உள்ளே போகிறபோதெல்லாம் எனக்கு வாசற்படி தெரிகிறது.

மற்ற எல்லாவற்றையும் சபையில் சொல்லிவிடுவேன். இந்த ஒன்றை எப்படிச் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை, அதனால் உன்னிடம் கேட்கிறேன். மார்க் போடுகிறவள் நீதானே. முதல் இரண்டு தடவை பொறுத்த மூச்சு நீ சொல்லித் தந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். பூச்சி, நீ 'புடி' என்று சொன்னதற்கும் என் கை கழன்று வந்ததற்கும் நடுவில் அன்றைக்குக் காலையில் போன அந்த மூன்றாவது மூச்சு, நீ சொல்லித் தந்ததா, இல்லை என்னுடையதா?